சின்னதுக்கு ஒரு போன் வரும்

பத்திலிருந்து பதினொன்றுக்குள் போன் வரும், முதல் ரிங்கிலேயே எடுத்துடு, எடுக்கலேன்னா அந்தக் கம்பெனி மேடம் லிஸ்டில் அடுத்த பேருக்குப் போயிடும், திரும்பிக் கூப்பிடாது என்று பர்வீன் சொல்லியிருந்தாள். இப்போது மணி பத்து இருபது. சங்கவி வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரித்திருந்த அப்பாவின் பழைய வேட்டியில் உதிர்ந்து கிடந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்குகிறாள் என்று சும்மா சொல்வதுதான். காது முழுக்க மடியில் கிடந்த போனில் இருந்தது. நாளை மறுநாள் வருஷப் பிறப்பு, பச்சடிக்கு வேப்பம்பூ வேணும், காய ஒரு வெயிலாவது வேணும், இன்னிக்கே பொறுக்கிடு என்று அம்மா காலையில் ஆரம்பித்தது. கூடவே, "இதுங்களையும் கூட்டிட்டுப் போ, அதுங்களுக்கும் பொழுது போகும்" என்றது. அதுங்களுக்குப் பொழுது போகும், சரி. அக்காவின் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் ரித்விக்குக்கு ஆறு வயசு, சின்னவள் லக்ஷிதாவுக்கு நாலு. இவள் அப்பா வாயில் அது ரித்தீசு, லச்சி. அக்கா சென்னையில் வேலைக்குப் போகிறாள், பள்ளிக்கூடம் லீவு விட்ட அன்றைக்கே இரண்டையும் போளூருக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஜூன் வரைக்கும் இங்கேதான். "தாத்தா வீட்டுக்கு வந்திருக்கோம்" என்று ரித்விக் தெருவில் போகிற ஆட்டுக்குட்டியிடம்கூடச் சொல்கிறான். இவளுக்கு வீடு, அவனுக்குத் தாத்தா வீடு. ஒரே வீடு எப்படி இரண்டு வீடாகிறது என்று யோசிக்க ஆரம்பித்தாள். யோசனை போனில் வந்து முட்டி நின்றது. எடுத்துப் பார்த்தாள். பத்து இருபத்தொன்று. சார்ஜ் முப்பத்தெட்டு. டவர் இரண்டு கோடு. போன் வரவேண்டியது சென்னைக்குப் பக்கம் ஒரகடத்தில் செல்போன் பாகம் பூட்டுகிற கம்பெனியிலிருந்து. பதினெட்டு முடிந்திருக்கணும், பத்தாவது பாஸ் ஆகியிருக்கணும். இரண்டும் இருக்கிறது. ஹாஸ்டல் உண்டு. பர்வீன் அங்கேதான் எட்டு மாசமாக இருக்கிறாள், அவள்தான் பேர் கொடுத்தாள். வீட்டில் சொல்லவில்லை. போன் வந்தப்புறம் சொல்லிக்கலாம். வராவிட்டால் சொல்லவே வேண்டாம், அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியப்போவதில்லை. வராவிட்டால் ஒன்றுமே நடந்திருக்காது. இவள் பூப் பொறுக்கியிருப்பாள், அவ்வளவுதான்.

"சித்தி, இது பூவா எறும்பா?" என்று லக்ஷிதா உள்ளங்கையை மூக்குக்கு நேரே நீட்டினாள். எறும்புதான். ஊதிவிட்டாள். "சித்தி, மரத்த உலுக்கட்டுமா?" என்றான் ரித்விக். "உலுக்கக் கூடாதுடா, தானா விழறதத்தான் எடுக்கணும்." "ஏன்?" ஏன் என்று இவளுக்கும் தெரியாது. சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். சொன்ன குரல் தன்னுடையது இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. அம்மாவின் கடைசித் தங்கை, பாப்பா சித்தியின் குரல். ஆரணியில், அம்மாவைப் பெற்ற ஆயா வீட்டில், இதே மாதிரி பங்குனி முடிகிற வெயிலில், பாப்பா சித்தி கோணி விரித்துவிட்டு இதே வார்த்தையைச் சொல்லும், இதே இழுவையோடு. ஆயா வீடு என்றதும் எல்லாரும் வெல்லப்பாகு மாதிரி உருகுகிறார்கள், பத்தாவதில் தமிழ் டீச்சர் கட்டுரை எழுதச் சொன்னபோது முப்பது பேரும் மாமரம் என்று எழுதினார்கள், மாமரம் இல்லாதவர்களும் எழுதினார்கள். ஆரணி வீட்டில் மாமரம் கிடையாது. அரிசி மில்லுக்குப் பின்னால் வரிசையாக ஆறு வீடு, ஆறுக்கும் ஒரே கக்கூஸ், தவிட்டுத் தூசி சோற்றுப் பானைக்குள் வரைக்கும் வரும். ஆயா யாரையும் மடியில் உட்காரவைத்ததில்லை. முட்டிவலிக் களிம்பு வாசனையோடு கட்டிலில் உட்கார்ந்து, "சத்தம் போடாதீங்க சனியங்களா" என்று சொல்லும். தாத்தா மில்லில் இருந்து வந்தால் ரேடியோவோடுதான் பேசுவார். ஆனாலும் லீவு விட்டால் ஒன்பது பேரப்பிள்ளைகளும் அங்கேதான் போய் விழுவார்கள். எதற்குப் போனோம்? இப்போது யோசித்தால், பாப்பா சித்திக்குத்தான் போனோம். ஒன்பது தலைக்கும் பேன் பார்த்தது அதுதான், ஒன்பது பேருக்கும் காது கழுவியது, யாருக்கு எந்தத் தட்டு என்று நினைவு வைத்தது, ராத்திரி உச்சா போக யார் எழுப்பினாலும் எழுந்தது. பாப்பா சித்திக்கு எந்தத் தட்டு? தெரியாது. சாப்பிட்டுப் பார்த்ததே இல்லை. சாப்பிட்டிருக்கும், சாப்பிடாமலா இருக்கும், ஆனால் அது சாப்பிடுகிற மாதிரி ஒரு காட்சி தேடிப் பார்த்தாலும் கிடைக்கவில்லை, பரிமாறுகிற கைதான் வருகிறது, கையில் ஒரு ரப்பர் வளையல், பச்சை. பூக்காம்பு விரலில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தது. வேப்பம்பூ வாசனை தேன் மாதிரி வரும், நாக்கில் வைத்தால் கசக்கும். பத்து இருபத்தொன்பது.

பேர் என்ன? பாப்பா சித்தியின் பேர். இது எங்கிருந்து வந்து மாட்டியது என்று தெரியவில்லை, மாட்டிக்கொண்டது. சின்ன வயசில் பாப்பா என்று கூப்பிட்டிருப்பார்கள், கடைசிப் பெண், அப்படியே நின்றுவிட்டது, நாற்பது வயசுக்கு மேல் முடி நரைத்தப்புறமும் பால்காரர் "பாப்பா, பாத்திரம்" என்றுதான் குரல் கொடுப்பார். பேர் இருந்திருக்கணுமே. ஆயா செத்தபோது அச்சடித்த கருமாதிப் பத்திரிகை நினைவுக்கு வந்தது. பெரிய மாமா போனிலேயே பிரஸ்காரருக்குச் சொல்லியிருக்கிறார், மகன்கள் இன்னார் இன்னார், மகள்கள் இன்னார் இன்னார் என்று. மற்ற எல்லாருக்கும் பேருக்குப் பின்னால் புருஷன் பேர், ஊர், சிலருக்கு வேலை. கடைசியில் ஒரு வரி, மகள் பாப்பா. அப்படியே அச்சாகி வந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். "யோவ், பச்சக் குழந்தன்னு நெனச்சு பால் பாட்டில் எடுத்துட்டு வந்துடப் போறாங்க" என்று சின்ன மாமா சொன்னார், அதற்கும் சிரித்தார்கள், சாவு வீட்டில் சிரிக்க ஏதாவது வேண்டியிருக்கிறது. பாப்பா சித்தி அந்தப் பத்திரிகையை வாங்கி முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தது. அப்புறம், வந்தவர்களுக்குக் காபி எத்தனை என்று எண்ணப் போய்விட்டது. சங்கவிக்கு அப்போது பதினொரு வயசு, அவளும் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பு வேண்டாம் போல இருக்கிறது, திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது. ஆரணி வீடு வாடகை வீடு, காலி செய்துவிட்டார்கள். பாப்பா சித்தியையும் பெரியம்மா வாலாஜாவுக்குக் கூட்டிப்போனது. அங்கே பெரியம்மாவின் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது காது கழுவுகிறது. அந்தப் பிள்ளைகளும் பாப்பா ஆயா என்று கூப்பிடும், வேறென்ன கூப்பிடும். அம்மா துணி உலர்த்த வெளியே வந்தது. "ம்மா, பாப்பா சித்தி பேரு என்ன?" அம்மா வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தது. "எதுக்குடி இப்போ?" "சும்மா." "தமயந்தி. யாரு கூப்பிட்டா அத? தமயந்தின்னு கூப்பிட்டா அவளே திரும்பிப் பாக்க மாட்டா." அம்மா சிரித்துக்கொண்டே ரித்விக்கின் ஜட்டியை உதறிக் கொடியில் மாட்டிவிட்டு, "காம்பு இல்லாம ஆஞ்சி வை, போன வருஷம் பச்சடியில குச்சி குச்சியா இருந்துச்சு" என்று சொல்லி உள்ளே போனது. தமயந்தி. எவ்வளவு பெரிய பேர். ஒரு தெருவுக்கே வைக்கலாம்.

பத்து முப்பத்தாறு. அடிக்கவில்லை. அடித்தால் என்ன பேசணும் என்று பர்வீன் சொல்லிக்கொடுத்ததை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். வணக்கம் மேடம், நான் சங்கவி, போளூர், நாளைக்கே வர முடியும் மேடம். நாளைக்கே என்று கேட்டால் யோசிக்காதே, வரேன்னு சொல்லு, யோசிச்சா வெச்சிடும். வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் வீட்டை விட்டுக் கிளம்பினால் அம்மா என்ன சொல்லும்? சொல்லும். முதலில் அழும், அப்புறம் அக்காவுக்குப் போன் போடும், அக்கா இவளிடம், "ஏண்டி, லீவு முடியற வரைக்கும் பொறுக்க மாட்டியா, உனக்கு அப்படி என்ன அவசரம்" என்பாள். அவசரம்தான். இரண்டு வருஷமாக அவசரம். பதினொன்றாவது பாதியில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஒரு மாசம் வீட்டில் இரு என்றார்கள், இருந்தாள், ஒரு மாசம் மூன்று மாசமாச்சு, அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பாடம் எல்லாம் தாண்டிப் போயிருந்தது, டீச்சர் நல்லவிதமாகத்தான் பேசினாங்க, இவளுக்குத்தான் பின் பெஞ்சில் புதுசாக வந்தவள் மாதிரி உட்காரப் பிடிக்கவில்லை, நின்றுவிட்டாள். யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தினார்கள் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும், ஆனால் அது பொய். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கூடப் படித்தவர்கள் காலேஜுக்கும் கல்யாணத்துக்கும் போனார்கள், பர்வீன் ஒரகடம் போனாள், வாட்ஸப்பில் கோயில் கோபுரமும் காலை வணக்கமும் மட்டும் வருகிறது. தனியாக இருக்கிறோம் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். வீட்டில் இத்தனை பேர், நடு ஹாலில் கால் வைக்க இடம் இல்லை, உனக்கென்ன தனிமை. போவது பற்றி ஆசையா என்று கேட்டால் அதுவும் முழுசாக இல்லை. பயமாக இருக்கிறது. ஒரு ரூமில் பத்துப் பேர், வேன், நைட் ஷிப்ட், தலையில் வலை, நின்றுகொண்டே எட்டு மணி நேரம். பர்வீன் முதல் மாசம் தினம் அழுததாகச் சொன்னாள். அழுதாலும் அங்கே அடையாள அட்டை தருவார்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ளணும், போட்டோவுக்குக் கீழே பேர் இருக்கும். பர்வீன் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி அவள் முகத்தைவிட அந்தப் பேரைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். "சின்னது எங்க?" என்று அப்பா சவாரி முடித்து வந்ததும் கேட்பார். பெரியது அக்கா, சின்னது இவள். செல்லமாகத்தான் கேட்பார், அதைத் தப்பு சொல்ல முடியாது. தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பாள். லக்ஷிதா முதுகில் வந்து சாய்ந்தாள், வேர்வைத் தலை, வெயிலில் காய்ந்த துணி வாசனை. இந்தக் கனம் இவளுக்குப் பிடிக்கும். அதை நினைத்தால்தான் எரிச்சலாக இருக்கிறது, பிடிக்காமல் இருந்தால் எவ்வளவு சுலபம். பாப்பா சித்திக்கும் எங்கள் கனம் பிடித்திருக்கும். பிடித்தே போய்விட்டது.

"சித்தி, போன் குடு, யானைப் பாட்டு." "போன் கிடையாது." "குடு." "லச்சி, அடி வாங்குவ." "தாத்தா, சித்தி அடிக்குது" என்று லக்ஷிதா வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள், யாரும் அடிக்கவில்லை. காலைச் சவாரி முடித்து, லோடு ஆட்டோவை மரத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு உள்ளே பாயில் படுத்திருந்த அப்பா, "குடேன், குழந்த கேக்குது" என்று தூக்கத்திலேயே தீர்ப்புச் சொன்னார். கொடுக்கவில்லை. பத்து நாற்பத்தொன்று. மரத்தில் தேனீ சத்தம் ஒரே சீராக இருந்தது, அதுவே ரிங் மாதிரி கேட்டது, இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்து வைத்தாள். பத்து நாற்பத்து மூன்றுக்கு லக்ஷிதா காலை இடுக்கிக்கொண்டு நின்றாள். "சித்தி, உச்சா." "இரு." "வருது." பாத்ரூமுக்குள் போனைக் கொண்டுபோகலாம். போன மாசம் அப்படித்தான் பக்கெட்டில் விழுந்து மூன்று நாள் அரிசிக்குள் கிடந்தது. கையெல்லாம் பூப் பிசின் வேறு. ரித்விக்கின் கையில் கொடுத்தாள். "பாட்டுப் போடக் கூடாது. ரிங் வந்தா ஓடியாந்து சித்திகிட்ட குடு. ஓடியாரணும்." ரித்விக் பொறுப்பாகத் தலையாட்டினான். இதற்கு முன்னால் அவனுக்கு யாரும் எதையும் நம்பிக் கொடுத்ததில்லை போல.

லக்ஷிதா உட்கார்ந்த பிறகு வரவில்லை என்றாள், பிறகு வந்தது. தண்ணி மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கும்போது ரிங் கேட்டது. கேட்டதா, தேனீயா? கேட்டது. குழந்தையை ஈரத்தோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தாழ்ப்பாளை ஒரு கையால் இழுத்தாள், அது எப்போதும் போல மாட்டிக்கொண்டது, மேலே தூக்கி இழுக்கணும், தூக்கினாள், இழுத்தாள். ரிங் நின்றது. வெளியே வந்தால் ரித்விக் மரத்தடியில் நின்று போனைக் காதில் வைத்துப் பெரிய மனுஷன் மாதிரி பேசிக்கொண்டிருந்தான். இவள் பத்தடி தாண்டுவதற்குள் பேசி முடித்துவிட்டான். "யாருடா?" "ராங் நம்பர் சித்தி." "யாரு, என்ன கேட்டாங்க?" "ஒரு ஆன்ட்டி. சங்கவி இருக்காங்களான்னு கேட்டாங்க. அப்படி யாரும் இங்க இல்ல, இது எங்க தாத்தா வீடுன்னு சொன்னேன். நாங்க பூப் பொறுக்கறோம்னு சொன்னேன். சரி கண்ணான்னு வெச்சிட்டாங்க." அவன் முகத்தில் ஒரு குறையும் இல்லை. சொன்னபடி செய்த முகம். போனில் சந்தனக் கீற்று மாதிரி மகரந்தம் ஒட்டியிருந்தது. திட்டணும் என்று வாயைத் திறந்தாள். திட்ட ஒன்றும் இல்லை. "சித்தி பேரு என்னடா?" "சித்தி." "தாத்தா என்னன்னு கூப்பிடுவாரு?" "சின்னது." "உங்க ஆயா?" கொஞ்சம் யோசித்தான். "அடியே" என்றான். லக்ஷிதா இடுப்பில் இருந்து சிரித்தாள். சங்கவிக்கும் சிரிப்பு வந்தது, அது பாதியில் வேறு எதுவாகவோ ஆகிவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நம்பருக்கு அடித்தாள். பிஸி. அடித்தாள். பிஸி. லிஸ்டில் அடுத்த பேர், அதற்கடுத்த பேர், எல்லாரும் முதல் ரிங்கிலேயே எடுக்கிறவர்கள், எல்லார் வீட்டிலும் பேர் தெரிந்தவர்கள். பர்வீனுக்கு அடித்தாள், ஷிப்டில் இருப்பாள், போன் லாக்கரில் இருக்கும், தெரியும், ஆனாலும் முழு ரிங்கும் போகவிட்டாள். திரும்ப அந்த நம்பர். பிஸி. இடுப்பில் இருந்த குழந்தை வழுக்கியது, மேலே ஏற்றிக்கொண்டாள். எத்தனை தடவை என்று தெரியவில்லை, பதினொன்று ஐந்துக்கு யாரோ எடுத்தார்கள். ஆம்பளைக் குரல், பின்னால் லாரி சத்தம். "மேடம் மீட்டிங் போய்ட்டாங்கம்மா. நான் கேட் செக்யூரிட்டி. லைன் இங்க வரும்." அவள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் இல்லை. "சார், எனக்குப் போன் வந்துச்சு, பையன் எடுத்துட்டான், அவனுக்கு என் பேரு தெரியாது" என்றாள். "பேரு தெரியாதா? சரி விடு. லிஸ்ட் முடிஞ்சிடுச்சான்னு எனக்குத் தெரியாதும்மா. நேர்ல வர்றவங்கள நாளைக்குப் பத்து மணி வரைக்கும் கேட்ல நிக்க வெப்பாங்க. ஆள் கொறஞ்சா எடுப்பாங்க, இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. வர்றியா?" "வரேன்." "பேர் சொல்லு, எழுதி வெக்கிறேன்." சொன்னாள். லாரி சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்னது, சங்கரியா?" "சங்கவி சார். ரி இல்ல, வி. கே இனிஷியல்." இவ்வளவு சத்தமாகத் தன் பேரைத் தானே சொல்லி எவ்வளவு நாள் ஆச்சு, பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூட உள்ளேன் ஐயா என்று சொன்னால் போதும்.

ரித்விக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். "சித்தி, நீயா சங்கவி?" ஏதோ கெட்ட வார்த்தை கண்டுபிடித்த மாதிரி அவன் கண் விரிந்தது. சங்கவி, சங்கவி என்று சொல்லிப் பார்த்தான், பிடித்துப்போய்விட்டது. லக்ஷிதா கீழே இறங்கி அவன் பின்னால் ஓடினாள், அவள் வாயில் அது சங்கலி. வேட்டியில் இருந்த பூவை மிதித்துக்கொண்டு இரண்டும் மரத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டே ஓடின. உள்ளே பாய் சரசரத்தது. "யாருடா அது சங்கவி?" என்று அப்பா கேட்டார். தூக்கக் கலக்கம்தான். தெரியாமலா கேட்பார். ஆனாலும் கேட்டுவிட்டார், அது காற்றில் நின்றது, மரத்தடி வரைக்கும் வந்தது, அம்மாவும் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தது. சங்கவி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து நின்றாள். "நான்தாம்பா. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கு ஒரகடம் போறேன். வேலைக்கு. பர்வீன் இருக்கற கம்பெனி. எடுத்தா அங்கயே ஹாஸ்டல்." எடுக்காவிட்டால் என்பதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அப்பா எழுந்து உட்கார்ந்து பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். எந்தக் கம்பெனி, எத்தனை நாளாகப் பேச்சு, யார் கூட வரணும், பயமா இருக்கா, எதுவும் கேட்கவில்லை. கேட்பார் என்று காத்திருந்தாள். "அப்ப இதுங்கள யாரு பாத்துக்குவா?" என்றார். கோபம் இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அவள் மனசு உடனே பழக்கப்படி வேலை செய்ய ஆரம்பித்தது, மதியம் அம்மா தூங்கிடும், லச்சி தயிர் இல்லாம சாப்பிடாது, அக்காவ சனி ஞாயிறு வரச் சொல்லணும், ரித்தீசு வெயில்ல போவான், தொப்பி பீரோ மேல இருக்கு. இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் நாளைக்குக் காலை ஆகிவிடும், பஸ் போய்விடும். உள்ளே போய் பீரோவைத் திறந்து ஆதார் கார்டைத் தேடினாள். துணிக்கு அடியில், கரண்ட் அட்டைக்கு அடியில், அக்காவின் கல்யாண ஆல்பத்துக்கு அடியில். பின்னாலேயே வந்த லக்ஷிதா அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "எங்க போற?" என்றாள். "வேலைக்கு." "எப்ப வருவ?" ஆல்பத்துக்குக் கீழே கை போய்க்கொண்டே இருந்தது. "லீவுக்கு வருவேன்" என்றாள் சங்கவி.